அதிபரின் கைப்பட எழுதிய உரைக் குறிப்பா? வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1933 பிப்ரவரி 27 இரவு, நியூயார்க் மாநிலத்தின் ஹைட் பார்க்கில் இருந்த தன் வீட்டில் உட்கார்ந்து, அமெரிக்க அதிபராகத் தேர்வாகியிருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் தன் முதல் பதவியேற்பு உரையைக் கைப்பட எழுதினார். பதவிக்கு வந்த பிறகு அந்தத் தாள்களோடு ஒரு குறிப்பையும் இணைத்து வைத்தார்: இதுதான் மூலப்படி, இரவு ஒன்பது மணிக்கு ஆரம்பித்து ஒன்றரைக்கு முடித்தேன் என்று. எழுத்து அவருடையது. தாள் அந்தக் காலத்தது. தேதியும் சரி. ஆனால் ஆலோசகர் ரேமண்ட் மோலி கொண்டுவந்த வரைவை எதிரே வைத்துக்கொண்டுதான் ரூஸ்வெல்ட் எழுதினார். எழுதி முடித்ததும் தன் வரைவைக் கணப்பு நெருப்பில் போட்டுவிட்டதாக மோலியே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இந்தத் தாள்கள் விற்பனைக்கு வரப்போவதில்லை. ஆனால் அமெரிக்க அதிபர்களின் உரைக் குறிப்புகளைச் சேகரிக்க நினைப்பவர்கள் செய்யும் முதல் தவறு என்ன என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். ‘அவர் கை எழுத்துதானா?’ என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். அதற்கு ஆம் என்று பதில் வந்தாலும், அந்தத் தாள் உரை உருவாகும்போது எழுதப்பட்டதா, உருவான பிறகு பார்த்து எழுதப்பட்டதா, மேடைக்குப் போனதா, நினைவுப் பொருளாகப் பின்னால் தயாரானதா என்பது தெரியாது. விலை நிற்பது அதில்தான்.

ரூஸ்வெல்ட் மட்டும் இப்படிச் செய்யவில்லை. 1961 ஜனவரி 17 அன்று விமானப் பயணத்தில் ஜான் கென்னடி தன் பதவியேற்பு உரையின் பகுதிகளைக் கைப்பட எழுதி, அதில் தேதியும் போட்டார். அதற்கு ஒரு வாரம் முன்பே அவர் வாய்மொழியாகச் சொல்லச் சொல்லச் செயலாளர் குறித்துக்கொண்ட வரைவு இருந்தது என்பதை வரலாற்றாய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். இன்னும் பின்னால் போனால், ஜார்ஜ் வாஷிங்டன் தன் முதல் பதவியேற்புக்கென ஒரு நீண்ட உரையைத் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார். எழுதிக் கொடுத்தவர் டேவிட் ஹம்ஃப்ரீஸ். அந்த உரையை அவர் கடைசிவரை நிகழ்த்தவே இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் வாஷிங்டனின் தாள்களைப் பதிப்பித்த ஜாரெட் ஸ்பார்க்ஸ், பயன்படாமல் போன இந்தப் படியைத் துண்டு துண்டாக வெட்டி, ‘வாஷிங்டன் கை எழுத்து ஒன்று வேண்டும்’ என்று கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்! வரலாற்றாசிரியர் ஒருவரே செய்த காரியம் இது. அந்தத் துண்டுகளைத் தேடி ஒட்டவைக்கும் வேலையை ஆய்வாளர்கள் பின்னாளில் செய்ய வேண்டியிருந்தது. ஆகவே நாலைந்து தாள்கள் கொண்ட குறிப்பிலிருந்து ஒரு தாளைப் பிரித்து மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். மற்றத் தாள்கள் எங்கே என்று கேளுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. தட்டச்சு செய்த தாள் என்றாலே ஒதுக்கிவிடுவது. 1941 டிசம்பர் 7 அன்று பெர்ல் துறைமுகத் தாக்குதல் செய்தி வந்ததும் ரூஸ்வெல்ட் மறுநாள் உரையைச் செயலாளரிடம் வாய்மொழியாகச் சொன்னார். தட்டச்சாகி வந்த தாளில், ‘உலக வரலாற்றில் நிலைக்கும் நாள்’ என்ற பொருளில் இருந்த தொடரை அடித்துவிட்டு, ‘இகழ்ச்சியில் நிலைக்கும் நாள்’ என்று பென்சிலால் மாற்றினார். அந்த உரையில் இன்றைக்கும் எல்லோருக்கும் நினைவிருப்பது அந்த ஒரு திருத்தம்தான். முழுக்கக் கைப்பட எழுதிய அழகான படியைவிட இப்படித் திருத்திய தட்டச்சுத் தாள் பலமடங்கு அரியது என்பது என் கருத்து. அதில் மனிதர் யோசிப்பது தெரிகிறது. அந்த உரையை அவர் மேடையில் கையில் வைத்துப் படித்த படி அன்றே காணாமல் போனது. 1984-இல்தான் தேசிய ஆவணக் காப்பகத்தில் செனட் அவையின் கோப்புகளுக்குள் கிடைத்தது.

எழுத்தின் அழகைப் பார்த்து ஏமாறுவது அடுத்தது. உரைக் குறிப்பு பேசுபவருக்காக மட்டும் எழுதப்படுவது. 1963 ஜூன் 26 அன்று பெர்லினில் பேசப்போகும் முன் கென்னடி ஒரு சிறு அட்டையில் ‘நான் ஒரு பெர்லின்காரன்’ என்று பொருள்படும் ஜெர்மன் வாக்கியத்தைத் தன் வாய்க்கு வசதியாக, உச்சரிப்புப்படி ‘இஷ் பின் ஐன் பேர்லீனர்’ என்கிற மாதிரி ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டார். நாம் மேடைப் பேச்சுக்கு முன் ஆங்கிலப் பெயர்களைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்வதைப் போலத்தான். ரொனால்ட் ரீகன் தன் அட்டைகளில் எழுத்துகளை விழுங்கி, சொற்களைச் சுருக்கி, அவர் ஒருவருக்கே புரிகிற பாணியில் எழுதுவார். உண்மைக் குறிப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: அடித்தல், அம்புக்குறி, பாதியில் நின்ற வாக்கியம், நன்றி சொல்ல வேண்டியவர்களின் பெயர்ப் பட்டியல். ஒரே தாளில் அதிபரின் புகழ்பெற்ற வாசகங்கள் வரிசையாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்து நின்றால் எனக்குச் சந்தேகம் வரும். போலி எழுதுபவருக்குத் தெரிந்ததும், வாங்குபவர் எதிர்பார்ப்பதும் அந்த வாசகங்கள்தானே.

போலிகளின் வரலாறும் நீளம். 19-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஸ்பிரிங் வாஷிங்டனைப் போலவும், 20-ஆம் நூற்றாண்டில் ஜோசப் கோசி லிங்கனைப் போலவும் எழுதிப் பிழைத்தார்கள். கோசியின் போலிகளையே இன்று சிலர் தனியாகச் சேகரிக்கிறார்கள் என்பது வேடிக்கை. இவர்கள் எழுத்தின் சாயலைப் பிடித்துவிடுவார்கள். ஆகவே எழுத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயன் குறைவு. சுற்றியிருக்கும் பொருள்கள்தான் காட்டிக்கொடுக்கும். 1990-களில் கென்னடியின் பெயரில் பெரும் தொகைக்கு விற்கப்பட்ட ஒரு தொகுதி அப்படித்தான் பிடிபட்டது. 1963-இல் அறிமுகமான அஞ்சல் குறியீட்டு எண், அதற்கு முந்தைய தேதியிட்ட தாளில் இருந்தது. தட்டச்சுப் பிழையைத் தாளிலிருந்து நீக்கப் பயன்பட்ட ஒட்டு நாடாவும் அப்போது சந்தைக்கே வராதது. விற்றவர் 1999-இல் தண்டிக்கப்பட்டார். இதே முறையில் நீங்களும் சிலவற்றைச் சோதிக்கலாம். பால்பாயிண்ட் பேனா அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்தது 1945 அக்டோபரில். ரூஸ்வெல்ட் இறந்தது அதே ஆண்டு ஏப்ரலில். வெண்மை கூட்டும் ரசாயனம் காகிதத்தில் கலக்கப்பட்டது ஏறக்குறைய 1950-க்குப் பிறகுதான். புற ஊதா விளக்கில் பளீரென நீலவெண்மையாக ஒளிரும் தாளில் 1930-களின் தேதி இருந்தால் விசாரணை அங்கேயே முடிந்தது.

போலி என்று சொல்ல முடியாத, ஏமாற்றும் நோக்கமே இல்லாத நகல்களும் உண்டு. லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரைக்கு அவர் கைப்பட எழுதிய ஐந்து படிகள் அறியப்பட்டவை. அவற்றில் ஒன்று 1864-இல் பால்டிமோரில் நடந்த நிதி திரட்டும் கண்காட்சிக்காக அவர் எழுதிக் கொடுத்தது; கல் அச்சில் அச்சாகிப் பரவியதும் அதுதான். அந்த அச்சுப் பிரதிகளும் பழையவை, காகிதமும் மஞ்சளானது, தாத்தா பெட்டியில் கிடைத்ததும் உண்மையாகவே இருக்கும். பூதக்கண்ணாடியில் பாருங்கள். மையில் எழுதியதில் கோடு கோட்டைக் கடக்கும் இடம் கறுத்திருக்கும், பேனா முனை அழுந்திய தடம் தெரியும். அச்சில் எல்லாம் ஒரே அடர்த்தி. கையொப்பத்துக்கும் இதே எச்சரிக்கை. கென்னடி காலத்திலிருந்து ஆட்டோபென் என்னும் கையொப்ப இயந்திரம் வெள்ளை மாளிகையில் தாராளமாகப் பயன்பட்டது. எந்த மனிதனும் இரண்டு முறை அச்சு அசலாக ஒரே மாதிரி கையொப்பம் இடமாட்டான். ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பொருந்துகிறது என்றால், அது இயந்திரம்.

சட்டத்தை மறப்பதுதான் பணத்தையும் பொருளையும் ஒருசேர இழக்கவைக்கும் தவறு. நெடுங்காலம் அதிபரின் தாள்கள் அவருடைய சொந்தச் சொத்தாகவே கருதப்பட்டன. வாட்டர்கேட் ஊழலால் அதிபர் நிக்சன் பதவி விலகிய பிறகு நிலை மாறியது. அவருடைய ஆவணங்களை 1974-இல் தனிச் சட்டம் போட்டு அரசு எடுத்துக்கொண்டது. அதற்கு இழப்பீடாக 2000-இல் அவர் தரப்புக்கு 1.8 கோடி டாலர் கொடுக்க நேர்ந்தது. 1978-இல் வந்த அதிபர் ஆவணச் சட்டம், 1981 ஜனவரி 20 முதல், அதாவது ரீகன் பதவியேற்ற நாள் முதல் உருவாகும் அலுவல் ஆவணங்கள் அமெரிக்க அரசுக்கே சொந்தம் என்கிறது. எனவே ரீகன் 1970-களில் வானொலிக்காகக் கைப்பட எழுதியதும், ஓய்வுபெற்ற பிறகு எழுதியதும் ஒரு வகை. அதிபராக அரசு நிகழ்ச்சியில் பேச எழுதியது வேறு வகை. ஒருவரே எழுதியது, ஒரே அளவு அட்டை, ஆனாலும் இரண்டாவதை அரசு திரும்பக் கேட்கலாம். நாட்குறிப்பு, தேர்தல் கட்சிப் பணி போன்ற சொந்தத் தாள்களுக்கு விலக்கு உண்டு; அந்த எல்லைக்கோட்டை விற்பவர் வாய்மொழியை நம்பித் தீர்மானிக்காதீர்கள்.

பழைய அதிபர்கள் விஷயத்திலும் சிக்கல் வரும். கென்னடியின் செயலாளர் ஈவ்லின் லிங்கன் ஏராளமான தாள்களையும் பொருள்களையும் தன்னிடம் வைத்திருந்தார். 1995-இல் அவர் இறந்த பிறகு அவை ஒரு சேகரிப்பாளரிடம் போய், 1998-இல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது கென்னடியின் பிள்ளைகளும் தேசிய ஆவணக் காப்பகமும் எதிர்த்தார்கள். சில பொருள்களைத் திருப்பித் தந்த பிறகே ஏலம் நடந்தது.

ஒரு தாள் யார் யார் கைமாறி வந்தது என்று காட்டும் நல்ல சங்கிலி எப்படி இருக்கும்? 1864 நவம்பர் 10 இரவு, தேர்தலில் வென்ற லிங்கன் வெள்ளை மாளிகை சன்னலில் நின்று கூட்டத்தைப் பார்த்துப் படித்த உரை, அவர் கைப்பட எழுதியது. மகன் ராபர்ட் அதை 1916-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் முன்னாள் உறுப்பினர் ஜான் டுவைட்டுக்குக் கொடுத்தார். பிறகு அது நியூயார்க் மாநிலத்தின் டிரைடன் என்ற ஊரின் சிறு நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. 2009 பிப்ரவரி 12, லிங்கனின் 200-வது பிறந்தநாளன்று, நூலகம் அதைக் கிறிஸ்டீஸ் ஏலத்தில் விற்றது: ஏறத்தாழ 34 லட்சம் டாலர். மேசையிலிருந்து ஏலக்கூடம் வரை யார் கையில் இருந்தது என்பது தெரிகிறது. ‘ஐரோப்பியச் சேகரிப்பாளர் ஒருவரிடமிருந்து’ என்று மட்டும் சொல்லும் விவரணைக்கு அருகில் இதை வைத்துப் பாருங்கள். பளபளக்கும் நம்பகச் சான்றிதழ் இதற்கு ஈடாகாது. கையொப்பமிட்டவர் யார், தவறென்று தெரிந்தால் பணம் திரும்புமா என்று கேளுங்கள். ஏலத்தில் சுத்தியல் விலைக்கு, அதாவது ஏலம் முடிந்த விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் 25 சதவீதமோ அதற்கு மேலோ வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வாங்கியதும் நம் ஆட்கள் முதலில் ஓடுவது லேமினேஷன் கடைக்கு. வேண்டவே வேண்டாம், அதை எடுக்கவே முடியாது. செலோ டேப்பும் கூடாது, சாதாரண பிளாஸ்டிக் உறையும் கூடாது. அமிலமற்ற மடிப்புறை, பாலியெஸ்டர் உறை, வெயில் படாத அலமாரி. சென்னை போன்ற கடலோர ஊரில் ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குள் வைப்பது தலைவலிதான். சிலிக்கா ஜெல் பொட்டலமும் சிறிய ஈரப்பத மானியும் பெரிய செலவில்லை. சட்டகம் போட்டு மாட்ட ஆசையிருந்தால் நல்ல வண்ண நகலை மாட்டுங்கள், குறிப்பாக மார்க்கர் பேனாவில் எழுதியது என்றால். தாளை எடுக்கும்போது பருத்திக் கையுறையைவிடக் கழுவித் துடைத்த கை மேல். ரசீது, ஏலப் பட்டியலின் பக்கம், விற்றவரோடு நடந்த கடிதப் போக்குவரத்தின் அச்சுப்படி ஆகியவை அந்த மடிப்புறையோடேயே இருக்கட்டும். நாளை உங்களிடமிருந்து வாங்குபவர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.