ரோஹிங்கியா செய்திகளைக் கவனமாகப் படிக்கும் முறை

மியான்மரின் ராக்கைன் மாநிலத்து முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்கியாக்களைப் பற்றிய செய்தி எதுவானாலும், அது அவர்களை எந்தப் பெயரால் அழைக்கிறது என்று முதலில் பாருங்கள். மியான்மர் ராணுவம் நெடுங்காலமாக ‘வங்காளிகள்’ என்றே குறிப்பிடுவதால், அச்சொல்லை அப்படியே எடுத்தாளும் செய்தி, அவர்கள் அயலார் என்ற வாதத்தையும் சேர்த்தே சுமந்து வருகிறது.

அடுத்து, கதை எந்த ஆண்டில் தொடங்குகிறது என்று கவனியுங்கள். 2017 ஆகஸ்ட் 25 அன்று ஆர்சா என்ற ரோஹிங்கியா ஆயுதக்குழு காவல் சாவடிகளைத் தாக்கியதிலிருந்து தொடங்கினால் பாதி உண்மை மறைந்துவிடும். 1978-இலும் 1991–92-இலும் இம்மக்கள் பெருந்திரளாக வங்கதேசத்துக்கு ஓடியிருக்கிறார்கள். 1823-க்கு முன்பே குடியேறிய இனங்களையே மண்ணின் மக்களாக ஏற்று, ரோஹிங்கியாக்களை ஒதுக்கிவைத்த மியான்மரின் 1982 குடியுரிமைச் சட்டம்தான், என் பார்வையில், இத்துயரத்தின் ஆணிவேர்.

படங்களில் அவசரம் வேண்டாம். எங்கே, எப்போது எடுக்கப்பட்டவை என்று உறுதி செய்யுங்கள். கைகள் பின்னால் கட்டப்பட்டு, வரிசையாக மண்டியிட்டிருக்கும் பத்து ரோஹிங்கியா ஆண்களின் படம் ராக்கைனின் இன் தின் கிராமத்தில் 2017 செப்டம்பரில் எடுக்கப்பட்டது. அவர்கள் அனைவரும் கொல்லப்பட்டார்கள். அதைத் துப்புத் துலக்கிய ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் இருவர் 500 நாட்களுக்கு மேல் சிறையில் இருக்க, அக்கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்ட படையினர் ஏழு பேரோ ஓராண்டுகூட முடியாமல் வெளியே வந்துவிட்டார்கள்.

மியான்மர் மீது இனப்படுகொலைக் குற்றம் சாட்டி ஆப்பிரிக்க நாடான காம்பியா தொடுத்த வழக்கில் சர்வதேச நீதிமன்றம் 2020 ஜனவரியில் பிறப்பித்தது இடைக்கால உத்தரவே. அதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளக்கூடாது. 2024-க்குப் பிந்தைய செய்திகளில் தாக்கியது ராணுவமா, அந்த ஆண்டு டிசம்பரில் எல்லை நகரான மவுங்டாவைக் கைப்பற்றிய, ராக்கைன் இனத்தவரின் ஆயுதக்குழுவான அரக்கான் ராணுவமா என்பதையும் பிரித்தறியுங்கள். ரோஹிங்கியாக்கள் இருதரப்பாலும் அடிபடுகிறார்கள்.