புளூகில் தட்டுது, ஆனா மாட்டல

டெக்சாஸ்ல எங்க வீட்டுப் பக்கத்து பார்க் குளத்துல மூணு வீக்எண்ட் வீணாப் போச்சு. கரையில நின்னு ஃப்ளை (தூண்டில் முள்ளுல பூச்சி மாதிரி கட்டுன போலி இரை) போட்டா புளூகில்ங்கற சின்ன மீன் டொக் டொக்னு தட்டுது, தூண்டில் ராடைத் தூக்குனா ஒண்ணும் இல்ல. அதுக்கு வாய் சின்னது, ஃப்ளைதான் பெருசுன்னு 10ம் நம்பர்லேந்து 12, அப்புறம் 14ன்னு இறங்குனேன் (நம்பர் கூடக் கூட ஃப்ளை சின்னது), டிப்பெட்டையும், அதாவது ஃப்ளையைக் கட்டற நுனி நரம்பையும், 4எக்ஸ்லேந்து இன்னும் மெல்லிசான 6எக்ஸுக்கு மாத்துனேன், கலரும் மாத்தியாச்சு. புது ஃப்ளை கட்டுனதும் ரெண்டு மீன் வரும், அப்புறம் சுத்தமா நின்னுடும். இதை அப்பவே யோசிச்சிருக்கணும்.

கடைசியா ஃப்ளையோட ஊக்கை, அதாவது தூண்டில் முள்ளை, கட்டைவிரல் நகத்துல வச்சு லேசா இழுத்தேன், நகத்துல பிடிக்காம வழுக்கிட்டுப் போகுது. முனையே இல்ல! பெட்டியில இருந்த பழசையும் எடுத்துப் பார்த்தா ஒன்பதுல ஆறு மொட்டை.

கரை பின்னாடி மேடா ஏறுது, அது மேல சிமெண்ட் நடைபாதை வேற, பேக் காஸ்ட்ல, அதாவது முன்னாடி வீசறதுக்கு முன்ன லைனைப் பின்னாடி வீசறப்ப, கொஞ்சம் தாழ்ந்தாலும் ஃப்ளை அதுல போய் அடிக்குது. டிக்னு சத்தம் கேட்டுட்டுத்தான் இருந்துச்சு, நான் ஏதோ புல்லுன்னு நினைச்சேன்.

இப்ப லைனை பின்னாடி வீசறதே இல்ல, தண்ணியில கிடக்கற லைனை அப்படியே முன்னாடி உருட்டி விடற ரோல் காஸ்ட் மட்டும்தான். 25 அடி போனா போதும், மே ஜூன்ல புளூகில் கரையோரமாவே குழி பறிச்சு முட்டை போட்டுட்டு நிக்கும். இப்படி மாத்துன அன்னிக்கு ஒரே ஃப்ளையில 11 மீன் வந்துச்சு, நிம்மதி. நகத்துல இழுத்துப் பாக்கறதை மட்டும் இன்னும் விடல.