பிக்சல் ஆர்ட்: கோட்டின் படிகளை எண்ணப் பழகுங்கள்

பிக்சல் ஆர்ட், அதாவது பிக்சல் எனும் சின்னச் சதுரப் புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்துப் படம் வரைவதைத் தொடங்குகிறவர்கள் நிறத்தையும் நிழலையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். ஆனாலும் படம் கரடுமுரடாகவே நிற்கிறது. பெரும்பாலும் கோளாறு கோட்டில்தான் இருக்கும். நான் அதிக நாள் தேங்கி நின்றதும் அங்கேதான், அதனால் இந்தப் பதிவில் கோட்டுக்குத்தான் அதிக இடம். மென்பொருளை நிறுவுவது, புதுக் கோப்பு திறப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

கருவி

என் தேர்வு ஏஸ்ப்ரைட் என்ற பிக்சல் ஆர்ட் மென்பொருள். காசு கொடுத்து வாங்க வேண்டியது, ஆனால் மூலநிரல் வெளியில் கிடைக்கிறது; சொந்த உபயோகத்துக்கு நீங்களே கம்பைல் செய்து, அதாவது அந்த நிரலை ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றிக்கொள்ளலாம். அதற்குப் பொறுமை இல்லையென்றால் பிரவுசரிலேயே இலவசமாக ஓடும் பிஸ்கல் போதும். ஃபோட்டோஷாப்பைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். பென்சிலுக்குப் பதில் பிரஷை எடுத்துவிட்டால் ஓரமெல்லாம் மங்கலான பிக்சல்கள் வந்து ஒட்டிக்கொள்ளும், தேடித்தேடி அழிக்க வேண்டியிருக்கும். டிராயிங் டேப்லட் இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு பிக்சலாக வைக்கும் வேலைக்கு மவுஸே எனக்கு வசதியாக இருக்கிறது.

சின்ன கேன்வாஸ், 4 நிறம்

வரையும் பரப்பை, அதாவது கேன்வாஸை, 16×16 அல்லது 32×32 பிக்சலாக எடுத்துக்கொள்ளுங்கள். 1984இல் வந்த மேகிண்டாஷ் கணினிக்கு சூசன் கேர் வரைந்த ஐகான்கள் 32×32 கட்டத்தில், கறுப்பு வெள்ளையில் மட்டும் அமைந்தவை. அந்த அளவுக்குள் எல்லாவற்றையும் திணிக்க முடியாது, எதை விடுவது என்று முடிவெடுத்தே ஆகவேண்டும். மரியோவுக்கு மீசையும் தொப்பியும் வந்தது அப்படித்தான். 1981இன் டாங்கி காங் விளையாட்டில் உருவம் அவ்வளவு சிறியது. வாயையும் தலைமுடியையும் வரைவதைத் தவிர்க்க அவை உதவின.

நிறம் 4 போதும். பழைய கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியின் திரையே 160×144 பிக்சலும் 4 சாயலும்தான். நிறம் கூடக் கூட, தவறான வடிவத்தை நிறத்தால் மூடத் தோன்றும்.

கோடு: இங்கே நிதானமாக வாருங்கள்

முதலில் ஒரு பந்து வரைவோம். 16×16 கேன்வாஸ், 1 பிக்சல் பென்சில். வட்டக் கருவியைத் தொடாதீர்கள், கையால் வையுங்கள்.

மேல் வரிசையில் 6ஆம் கட்டத்திலிருந்து 11ஆம் கட்டம் வரை 6 பிக்சல். இரண்டாம் வரிசையில் 12, 13. மூன்றாம் வரிசையில் 14 மட்டும். இப்போது வளைவு கீழ்நோக்கித் திரும்புகிறது: 15ஆம் பத்தியில் (மேலிருந்து கீழாகப் போகும் கட்ட வரிசை) 4, 5ஆம் வரிசைகள், பிறகு 16ஆம் பத்தியில் 6 முதல் 11 வரை. வலது மேல் கால்வட்டம் முடிந்தது. மற்ற மூன்றையும் இதையே கவிழ்த்தும் திருப்பியும் போட்டுவிடுங்கள்.

சரி, ஒரே வரிசையிலோ பத்தியிலோ அடுத்தடுத்து நிற்கும் பிக்சல்களை ஒரு படி என்போம். இப்போது படிகளை எண்ணுங்கள்: 6, 2, 1, 2, 6. ஒவ்வொரு படியும் முந்தியதைவிடக் குறைந்துகொண்டே வந்து, ஓர் இடத்தில் திரும்பி, கூடிக்கொண்டே போகிறது. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிவது இதனால்தான். இதையே 6, 1, 2, 2, 6 என்று மாற்றிப் பாருங்கள். ஒரே ஒரு பிக்சல்தான் இடம் மாறியிருக்கும், ஆனால் பந்தின் தோள்பட்டையில் ஒரு புடைப்பு துருத்திக்கொண்டு நிற்கும். அந்தப் புடைப்பைப் பார்க்கக் கண் பழகிவிட்டால், உங்கள் பழைய படங்களில் எல்லாம் அது தென்படும்.

நேர்க்கோட்டுக்கும் எண்ணிக்கைதான். 1,1,1 அல்லது 2,2,2 அல்லது 3,3,3 என்று ஒரே அளவில் போனால் சுத்தமாக இருக்கும். 2,3,2,3 என்று ஒழுங்காக மாறி மாறி வந்தாலும் பரவாயில்லை. 2,3,3,1,2 என்று போனால் கோடு நடுங்கும். அப்படி வந்தால் சாய்வையே கொஞ்சம் மாற்றி, நல்ல எண்ணிக்கைக்குள் கொண்டுவந்துவிடுங்கள். சரியான கோணத்தைவிடச் சுத்தமான கோடு முக்கியம் என்பது என் கருத்து.

இன்னொன்று, மூலைப் பிக்சல். மூலைவிட்டமாகத் திரும்ப வேண்டிய இடத்தில் கூடுதலாக ஒரு பிக்சல் நின்றால் கோடு அங்கே மட்டும் தடிக்கும். அதை அழித்துவிடுங்கள். ஏஸ்ப்ரைட்டில் பென்சிலை எடுத்ததும் மேலே வரும் ‘பிக்சல்-பர்ஃபெக்ட்’ தெரிவை டிக் செய்தால், வரையும்போதே அது நீங்கிவிடும்.

ஓரத்தை மென்மையாக்க இடைநிறப் பிக்சல் வைப்பது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். படி சரியில்லாத கோட்டில் அதை வைத்தால் பிசிறு போகாது, அழுக்காகத்தான் தெரியும்.

நிழல்

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். இடது மேல்பக்கம் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் வெளிர்நிறம், சுற்றிலும் அடர்நிறம் என்று ஓரத்தை ஒட்டியே வளையமாக நிரப்பினால் பந்து தலையணை மாதிரி உப்பித் தெரியும். வெளிர்ப்பகுதியை இடது மேலே தள்ளி, அடர்நிறத்தை வலது கீழே பிறை வடிவில் வையுங்கள்.

நிழலுக்குக் கறுப்பைக் கலக்க வேண்டாம். சிவப்புப் பந்தென்றால் நிழலைக் கொஞ்சம் ஊதாப் பக்கமும், வெளிச்சத்தை ஆரஞ்சுப் பக்கமும் நகர்த்துங்கள். அதே 4 நிறத்தில் படம் உயிர்பெறும்.

இடையிடையே படத்தை அதன் அசல் அளவில் பாருங்கள். ஏஸ்ப்ரைட்டிலும் பிஸ்கலிலும் அதற்கெனச் சின்ன முன்னோட்டச் சாளரம் உண்டு. பெரிதாக்கிய நிலையில் அழகாகத் தெரியும் பல பிக்சல்கள் அங்கே வெறும் தூசியாகத் தெரியும். அவற்றை எடுத்துவிடலாம்.

பின்சேர்க்கை

படித்தவர்கள் கேட்ட இரண்டு சந்தேகங்கள்.

பிக்சல்-பர்ஃபெக்ட் போட்டும் வளைவு கரடாக வருகிறது என்றார் ஒருவர். அது மூலைப் பிக்சலை மட்டும்தான் எடுக்கும், படிகளின் வரிசையைத் திருத்தாது. எண்ணிப் பார்த்து நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும்.

இணையத்தில் ஏற்றியதும் படம் மங்கிவிடுகிறது என்றார் இன்னொருவர். 16×16 படத்தை அப்படியே ஏற்றினால் தளமோ பிரவுசரோ தன் போக்கில் பெரிதாக்கி மழுப்பிவிடும். ஏற்றுமதி செய்யும்போதே 10 அல்லது 20 மடங்கு பெரிதாக்குங்கள். முழு எண் மடங்கு மட்டுமே. 2.5 மடங்கு என்றால் சில பிக்சல் 2 அகலமும் சில 3 அகலமும் ஆகி, எண்ணி எண்ணி வைத்த படிகள் குலைந்துவிடும். வேறு மென்பொருளில் பெரிதாக்கினால், இடைநிறம் சேர்க்காமல் பெரிதாக்கும் ‘நியரஸ்ட் நெய்பர்’ முறையைத் தேர்ந்தெடுங்கள். கோப்பு பிஎன்ஜி ஆக இருக்கட்டும். ஜேபெக் ஆக மாற்றினால் ஓரங்களில் நீங்கள் வைக்காத நிறங்கள் படிந்துவிடும்.