செட்டிநாட்டு வீட்டை கேம் லெவலாக்குவது: முகப்பு முதல் பின்கட்டு வரை

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் ஒரு நாள் சுற்றினால் போனில் முந்நூறு படம் சேர்ந்துவிடும். திரும்பி வந்து பார்த்தால் முக்கால்வாசி ஒரே மாதிரி இருக்கும்: தூண் போதிகை (தூண் தலைமேல் உத்திரத்தைத் தாங்கும் கட்டை), நிலைக்கதவுச் செதுக்கு, ஆத்தங்குடி டைல்ஸ். மாடல் செய்ய அவை போதும், லெவல் (ஆட்டக்காரர் நகர்ந்து விளையாடும் இடம்) செய்யப் போதாது. ஆட்டக்காரர் எங்கே நிற்பார், அங்கிருந்து என்ன தெரியும், தெரிகிற இடத்துக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்ற மூன்றுக்கும் அந்தப் படங்களில் பதில் கிடையாது. பதில் வீட்டின் வரிசையில் இருக்கிறது. ஆகவே வரிசையை முதலில் எடுங்கள், செதுக்கு வேலை கடைசியில்.

வீடு ஏற்கெனவே ஒரு லெவல்தான்

பெரிய செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். திண்ணை, முகப்பு, முற்றத்தோடு கூடிய வளவு, இரண்டாம் கட்டு, சமையல் நடக்கும் மூன்றாம் கட்டு, பின்வாசல் என்று எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும். கதவுகள் எல்லாம் திறந்திருந்தால் தலைவாசலில் நின்றே பின்வாசல் வெளிச்சத்தைப் பார்க்கலாம். வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வரும் நீண்ட குழாய் மாதிரி. போக வேண்டிய இடத்தை ஆரம்பத்திலேயே காட்டிவிட்டு நடுவில் தடைகளை வைப்பது லெவல் டிசைனின் பாலபாடம். இந்த வீடுகள் அதை வேறு காரணங்களுக்காகச் செய்து வைத்திருக்கின்றன.

அடுத்தது, யார் எதுவரை வரலாம் என்ற கணக்கு. திண்ணை வழிப்போக்கருக்கு. முகப்பு கணக்கு வழக்கோடும் விருந்தாகவும் வருகிறவர்களுக்கு. வளவு குடும்பத்துக்கும் சடங்குக்கும். முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் கல்யாணமான பிள்ளைகளின் குடும்பங்களுக்கு. அதற்கும் பின்னால் இருப்பது பெண்களின் புழக்கம். ஒளிந்து நகரும் வகை ஆட்டம் செய்கிறவர் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். திண்ணையில் உங்களை யாரும் கேட்கமாட்டார்கள், முகப்பில் ஏறிட்டுப் பார்ப்பார்கள், வளவில் "யாரப்பா நீ?" என்பார்கள், மூன்றாம் கட்டில் கூச்சல் போடுவார்கள். காவலரின் சந்தேக அளவை நான்கு படியாக அமைக்கத் தனியாக எந்த விளக்கமும் தர வேண்டாம், தமிழ் ஆட்டக்காரர் கேட்காமலே புரிந்துகொள்வார்.

அளவெடுப்பு

தேவையானவை: 5 மீட்டர் டேப், முடிந்தால் லேசர் மீட்டர், கட்டம் போட்ட நோட்டு, போன், 30 செ.மீ. ஸ்கேல். இந்த வீடுகள் பெரும்பாலும் குடும்பச் சொத்துக்கள், அனுமதி வாங்காமல் நுழையாதீர்கள். சாமி அறையைப் படமெடுக்கக் கூடாது என்றால் கேமராவைப் பைக்குள் வையுங்கள்.

எல்லாவற்றையும் அளக்க நேரம் இருக்காது. இவற்றை விடாதீர்கள்: தெருவிலிருந்து திண்ணையின் உயரம், ஒவ்வொரு நிலைக்கும் (வாசல் சட்டம்) உள்ளகலமும் உள்ளுயரமும், வாசற்படியின் உயரம், சுவரின் தடிமன், தூணின் சுற்றளவு, தூணுக்குத் தூண் இடைவெளி, தாழ்வாரத்தின் அகலம், இறவாணம் (கூரையின் கீழ்விளிம்பு) தரையிலிருந்து எவ்வளவு, முற்றம் தாழ்வாரத்தை விட எவ்வளவு பள்ளம். வீட்டின் மொத்த நீளத்தை அடிவைத்து எண்ணினாலே போதும்.

படங்களை இரண்டு குவியலாக எடுங்கள். ஒன்று, கண் உயரத்தில், ஒவ்வொரு வாசலிலும் நின்று முன்னே ஒன்று, திரும்பி ஒன்று. திரும்பிப் பார்க்கும் படத்தை எல்லோரும் மறப்பார்கள், ஆட்டக்காரரோ பாதி நேரம் திரும்பிதான் ஓடுவார். இரண்டாவது குவியல் டெக்ஸ்சருக்கு (மாடலின் மேல் ஒட்டும் மேற்பரப்புப் படம்): மேகமூட்டமான நேரத்தில், சுவருக்கு நேர் எதிரே நின்று, ஓரத்தில் ஸ்கேலை வைத்து, எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) பூட்டி எடுங்கள். வெயிலில் எடுத்தால் நிழலும் டெக்ஸ்சரில் பதிந்து, கேம் உள்ளே இரண்டு சூரியன் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. ஆட்டத்தில் கிடைமட்டப் பார்வைக்கோணம் 90 டிகிரி என்றால் அது முழுஃபிரேம் கேமராவில் 18 மி.மீ. லென்ஸ் காட்டும் காட்சி. போனின் முக்கியக் கேமரா அதைவிடக் குறுகலாகப் பார்க்கும். போன் படத்தில் அடர்த்தியாகத் தெரிந்த தூண் வரிசை கேமில் பரந்து வெறுமையாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

வெட்டுப்படம்

தரைத்திட்டம் எல்லோரும் வரைவார்கள். வீட்டை நீளவாக்கில் அறுத்தது போன்ற வெட்டுப்படத்தையும் வரையுங்கள். தெருவிலிருந்து திண்ணைக்கு ஏற்றம், முற்றத்தில் இறக்கம், மீண்டும் ஏற்றம், கூரை எங்கே தாழ்கிறது என்பதெல்லாம் அதில்தான் தெரியும். 165 செ.மீ. உயரத்தில் ஒரு புள்ளி வைத்து, தலைவாசலிலிருந்து பின்வாசல் வரை ஸ்கேலால் கோடு இழுங்கள். கோடு எங்கே உத்திரத்தில் முட்டுகிறது, எங்கே திறந்து போகிறது என்று குறியுங்கள். முட்டாத ஒவ்வொரு இடத்திலும் தூரத்து எதிரிக்கும் உங்களைத் தெரியும்.

உண்மை அளவு ஏன் வேலை செய்யாது

அன்ரியல் 5 கேம் எஞ்சினின் மூன்றாம்நபர் டெம்ப்ளேட்டில் (கேரக்டரைப் பின்னாலிருந்து காட்டும் ஆயத்த மாதிரி) கேரக்டரின் கேப்சூல் (மோதலைக் கணக்கிடும் மாத்திரை வடிவ உடல்) ஆரம் 42 செ.மீ., உயரம் 192 செ.மீ., நடை வேகம் நொடிக்கு 5 மீட்டர், கேமரா 4 மீட்டர் பின்னால் இருக்கும் (உங்கள் பதிப்பில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்). இந்த நான்கு எண்களோடு வீடு மோதுகிறது.

முதல் மோதல் கதவு. 90 செ.மீ. நிலைக்குள் 84 செ.மீ. உடல் நுழையும், ஆனால் சற்றுச் சாய்வாக வந்தால் நிலைக்காலில் உரசி நிற்கும். எதிரி துரத்தும்போது இது நடந்தால் ஆட்டக்காரர் உங்களைத் திட்டுவார், வீட்டை அல்ல. நிலையின் உள்ளகலத்தை 130 முதல் 150 செ.மீ. வரை விரியுங்கள். தாழ்வாரம் 2 மீட்டர் என்றால் கேமரா சுவரில் முட்டி முதுகில் ஒட்டிக்கொள்ளும். அதை 3 மீட்டராக்குங்கள். சுருக்கமாக, நடக்கும் வெளிகள் எல்லாம் ஒன்றரை மடங்கு. கையால் தொடும் பொருள்கள் மட்டும் உண்மை அளவிலேயே இருக்கட்டும்: தாழ்ப்பாள், படி, தரை டைல்ஸ், குத்துவிளக்கு. அவற்றையும் பெரிதாக்கினால் கேரக்டர் பூதத்தின் வீட்டுக்குள் குழந்தை மாதிரி தெரிவார்.

இரண்டாவது மோதல் நேரம். வீடு 60 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். நிதானமாக நடக்கும் மனிதருக்கு ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு முக்கால் நிமிடம். நொடிக்கு 5 மீட்டர் ஓடும் கேரக்டருக்கு 12 நொடி. படத்தில் பிரம்மாண்டமாக இருந்த வீடு கேமில் சின்னதாகிவிட்டதே என்ற புலம்பலுக்கு விடை இதுதான். வீட்டை மூன்று மடங்கு நீட்டாதீர்கள், வெறும் நடை கூடுமே தவிர வீடு பெரிதாகாது. பார்வையை நேராக விட்டு, வழியை மட்டும் வளையுங்கள். வளவின் நடுக்கதவை மூடி, அதன் கம்பி அழி வழியாக அப்பால் தெரியும்படி வையுங்கள். ஆட்டக்காரர் பக்கத்து அறை வழியாக மாடிக்கு ஏறி, தாழ்வாரக் கூரை மேல் வந்து, முற்றத்தில் குதித்து, கதவின் மறுபக்கம் வந்து தாழ்ப்பாளைத் திறக்கட்டும். அதே 60 மீட்டர் இப்போது மூன்று நிமிடம் ஆகும். திறந்த கதவு திரும்பி வரும்போது குறுக்குவழியும் ஆகிவிடும்.

கூரை என்றதும் இன்னொன்று. ஓட்டுக்கூரையின் சரிவு 30 டிகிரிக்கு அருகில் இருக்கும். அன்ரியல், யூனிட்டி என்ற இரண்டு கேம் எஞ்சினிலும் கேரக்டர் ஏறக்கூடிய சரிவு இயல்பாகவே 45 டிகிரி அளவில் இருக்கிறது. அதாவது நீங்கள் நினைக்காமலே கூரை முழுவதும் நடைபாதை. ஒன்று அதை வழியாகவே வடிவமையுங்கள், இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத கொலிஷனால் (மோதித் தடுக்கும் சுவர்) அடையுங்கள். வாசற்படியும் அப்படியே: யூனிட்டியில் ஏறும் படியின் இயல்பு வரம்பு 30 செ.மீ., அன்ரியலில் 45. திண்ணை 60 செ.மீ. இருந்தால் இரண்டிலும் கேரக்டர் முட்டிக்கொண்டு நிற்பார். படிக்கட்டோ ஏறும் அனிமேஷனோ தேவை.

மூன்றாவது, தூண். தேக்குத் தூண் 30 செ.மீ. விட்டம், ஆள் 84. பின்னால் ஒளிந்தால் இருபுறமும் தோள் தெரியும். தூணைப் பருமனாக்கினால் வீட்டின் முகமே மாறிவிடும். மறைவுக்கு நெல் குதிர், மரப்பெட்டி, தூக்கி வைத்த கட்டில் போன்றவற்றை வையுங்கள். தூண் வரிசையை வேறு வேலைக்கு விடுங்கள்: ஓடும் எதிரி விட்டு விட்டுத் தெரிவார், குறி வைப்பது சிரமமாகும்.

சாம்பல் பெட்டிகள்

முதல் இரண்டு நாள் சாம்பல் கட்டிகள் மட்டும். தரைமட்டங்கள், சுவர், வாசல், கூரைச் சரிவு, இந்த வரிசையில் வையுங்கள். டெக்ஸ்சர் வேண்டாம். நேரம் பார்த்து ஓடுங்கள். கேமை அறியாத ஒருவரையும் ஓடவிட்டு, அவர் எங்கே தயங்கி நிற்கிறார் என்று குறியுங்கள். அவர் தயங்கும் இடத்தில் அம்புக்குறி வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள், முதலில் அங்கே வெளிச்சத்தை மாற்றிப் பாருங்கள்.

ஓட்டம் சரியானதும் மாடுலர் துண்டுகள் (திரும்பத் திரும்பச் சேர்த்து அடுக்கும் துண்டுகள்). 3 மீட்டர் கட்டம் இந்த வீட்டுக்கு வசதி: வெற்றுச் சுவர், வாசல் சுவர், ஜன்னல் சுவர், தூண், உத்திரம், தாழ்வாரக் கூரை, முற்றத்து விளிம்புக் கல், மூலைகள். ஏறக்குறைய பதினைந்து துண்டில் வீடு முடிந்துவிடும். எல்லாவற்றுக்கும் பிவட் (துண்டை நகர்த்தித் திருப்பும் ஆதாரப் புள்ளி) கீழ்மூலையில். பெரும்பாலோர் கோட்டைவிடும் துண்டு முற்றத்து மூலைக் கூரை. இங்கே கூரை உள்நோக்கிச் சரிகிறது. இரண்டு சரிவுகள் சேரும் இடம் மேடாக அல்ல, பள்ளமாக வரும். வெளிமூலைத் துண்டைத் திருப்பிப் போட்டு ஒப்பேற்றினால் ஓட்டு வரிசைகள் ஒன்றோடொன்று முட்டி நிற்கும். மழைநீர் கூடி இறங்குவதும் அந்த நான்கு மூலைகளில்தான், பாசியும் கறையும் அங்கேதான் வர வேண்டும்.

அறையை ஒரே மெஷ்ஷாக (ஒரே முப்பரிமாணத் துண்டாக) செய்யாதீர்கள். லூமென் (அன்ரியலின் வெளிச்சக் கணக்கு முறை) பயன்படுத்தினால் சுவர், தரை, கூரை தனித்தனியாகவும், சுவர் 10 செ.மீ.க்குக் குறையாமலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சம் சுவரைத் துளைத்துக் கசியும். செட்டிநாட்டுச் சுவர் எப்படியும் அதைவிடத் தடிமன்தான்; நேர்மையாக மாடல் செய்தாலே இந்தத் தொல்லை வராது.

வெயில்

காரைக்குடி ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. மார்ச் 21 வாக்கில் நண்பகல் சூரியன் 80 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட உச்சந்தலையில் நிற்கும். அப்போது முற்றம் மட்டும் எரியும், தாழ்வாரம் தரையில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தில் மிதக்கும். அழகுதான், ஆனால் நிழல்கள் தூணடியில் சுருங்கிவிடுவதால் திசை தெரியாது. காலை 9 மணிக்கு அதே நாளில் சூரியன் ஏறக்குறைய 40 டிகிரி. தூண் நிழல்கள் தரையில் நீண்டு, போக வேண்டிய பக்கத்தைக் கோடு போட்டுக் காட்டும். டைரக்‌ஷனல் லைட்டின் (சூரியனாக வைக்கும் விளக்கு) சாய்வை அங்கிருந்து தொடங்குங்கள். முற்றம் சிறிதாக இருந்தால் எதிர்க்கூரையே வெயிலை மறிக்கும். வீட்டைத் திருப்பாதீர்கள், மணியை மாற்றுங்கள்.

முற்றத்திலிருந்து அறைக்குள் நுழையும்போது திரை கறுத்து, வெளியே வரும்போது வெளுத்துப்போகும். ஆட்டோ எக்ஸ்போஷரின் (திரையின் வெளிச்சத்தைத் தானாகச் சரிசெய்வது) குறைந்த அளவுக்கும் கூடிய அளவுக்கும் இடையே 2 அல்லது 3 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) மட்டும் விடுங்கள். சுண்ணாம்புச் சுவரைச் சுத்த வெள்ளையாக்குவதும் இதே கோளாறைக் கூட்டும். நிறமதிப்பு 255-க்கு 240-ஐத் தாண்ட வேண்டாம்.

தரையும் சுவரும்

ஆத்தங்குடி டைல்ஸ் கண்ணாடித் தட்டின் மேல் கையால் வார்க்கப்படுவது. பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருகிறது, கோடுகளின் சிறு பிசகு கையிலிருந்து. 10 அங்குல டைல் என்றால் மீட்டருக்கு நான்கு. 1024 பிக்சல் டெக்ஸ்சரில் 4-க்கு 4 வைத்தால் ஒரு டைலுக்கு 256 பிக்சல் கிடைக்கும், போதுமானது. பதினாறையும் ஒரே டைலின் நகலாக வைத்தால் குளியலறைத் தரை மாதிரி ஆகிவிடும். நிறத்தையும் கோட்டையும் ஒவ்வொன்றிலும் மயிரிழை மாற்றுங்கள்.

ரஃப்னஸ் (சொரசொரப்பு அளவு; குறைந்தால் பளபளப்பு கூடும்) 0.35-இல் தொடங்கி, ஆள் நடக்கும் தடத்தில் மட்டும் 0.2-க்கு இறக்குங்கள். நூறு வருடம் கால் பட்ட தரை அங்கே அதிகம் மின்னும். தலைவாசலிலிருந்து வளவுக்கும், வளவிலிருந்து அடுப்படிக்கும் அந்த மினுமினுப்பு ஓடினால் ஆட்டக்காரரின் கால் தானாக அதில் விழும். ரகசிய அறைக்குத் தடம் வேண்டாம்.

செதுக்கு வேலையை இப்போது எடுங்கள். நிலைக்கு மேல் கஜலட்சுமி, போதிகையில் பூ, முகப்பில் பொம்மைகள். ஆட்டக்காரர் நின்று நிதானிக்கும் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் உயர்தர மாடல், மற்றவற்றுக்கு நார்மல் மேப் (மேடுபள்ளம் இருப்பது போல் காட்டும் டெக்ஸ்சர்) போதும். தெய்வ உருவங்களைக் கால் படும் தரையிலோ, துப்பாக்கிக் குறி விழும் உயரத்திலோ வைக்காதீர்கள். சுவர் உடையும் வசதி இருந்தால் அந்த நிலைகளை உடையாதவையாகக் குறித்துவிடுங்கள். முகப்பில் குடும்பத்தின் முதலெழுத்துகளோ பெயரோ பொறித்திருந்தால் அதை அப்படியே நகலெடுக்காமல் உங்கள் கதையின் குடும்பத்துக்கு ஒரு பெயர் வைத்துப் பொறியுங்கள்.