ஸ்கைரிம்: வோர்டெக்ஸை விட்டு மோட் ஆர்கனைசர் 2-க்கு மாறுவது எப்படி?

ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் கேமுக்கு வோர்டெக்ஸ் என்ற மோட் மேலாளர் வழியாக மோட் (கேமை மாற்றும் கூடுதல் கோப்புகள்) போட்டுப் பழகியவர்கள் இன்னொரு மேலாளரான மோட் ஆர்கனைசர் 2-க்கு மாறும்போது சிக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். பழையதைக் காலி செய்யாமலே புதியதை நிறுவிவிடுகிறார்கள். அது ஏன் ஆகாது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

வோர்டெக்ஸ் உங்கள் மோட்களை ஸ்டேஜிங் ஃபோல்டர் என்ற தனி இடத்தில் வைத்திருக்கும். டிப்ளாய் (மோட்களைக் கேமில் சேர்ப்பது) கொடுத்ததும் அங்கிருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் கேமின் டேட்டா ஃபோல்டருக்குள் ஒரு ஹார்ட்லிங்க் போடும். ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல் வைத்தது போல. கேமுக்கு அவை நிஜக் கோப்புகளாகவே தெரியும். மோட் ஆர்கனைசரோ டேட்டா ஃபோல்டரைத் தொடுவதே இல்லை. கேம் ஓடும் நேரத்தில் மட்டும், எல்லா மோட்களும் உள்ளே இருப்பது போன்ற ஒரு மெய்நிகர் டேட்டா ஃபோல்டரைக் காட்டும். ஆகவே வோர்டெக்ஸ் போட்டவை டேட்டாவிலேயே கிடந்தால், மோட் ஆர்கனைசர் அவற்றைக் கேமின் சொந்தக் கோப்புகள் என்று எண்ணிக்கொள்ளும். அங்கிருந்து அவற்றை அணைக்க முடியாது.

மாறுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். மோட் தளமான நெக்ஸஸின் கலெக்‌ஷன் (பல மோட்களின் தயார்த் தொகுப்பு) ஒன்றை அப்படியே இறக்கி ஆடுகிறீர்கள் என்றால் மாற வேண்டாம். கலெக்‌ஷன்களை மோட் ஆர்கனைசர் நிறுவாது. கையால் ஒவ்வொன்றாக அடுக்க நேரமிருந்தால் மட்டும் இறங்குங்கள்.

படி 1: காப்பு எடுங்கள்

டாக்குமெண்ட்ஸில் மை கேம்ஸ், அதற்குள் ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன். இந்த ஃபோல்டரை முழுசாக வேறிடத்தில் நகலெடுங்கள். ஐஎன்ஐ கோப்புகளும் சேவ்களும் இதில்தான் இருக்கின்றன. சேவ்களைத் தனியாக எடுப்பவர்கள் ஒரே பெயரில் இருக்கும் .இஎஸ்எஸ், .எஸ்கேஎஸ்இ இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும். ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டரை (எஸ்கேஎஸ்இ; மோட்களுக்குக் கூடுதல் திறன் தரும் துணை நிரல்) சார்ந்த மோட்களின் தகவல் இரண்டாவதில் இருக்கிறது. வோர்டெக்ஸ் ப்ரொஃபைலுக்குத் தனி சேவ் வைத்திருந்தால் அவை சேவ்ஸ் ஃபோல்டருக்குள் இன்னொரு உட்ஃபோல்டரில் இருக்கும். பின்னால் அவற்றை வெளியே எடுத்து சேவ்ஸில் நேரடியாக வைக்க வேண்டும்.

அடுத்து ஆப்டேட்டா, லோக்கல், ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் என்று போய் பிளகின்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பை நகலெடுங்கள். எந்தெந்தப் பிளகின்கள் (கேம் ஏற்றும் மோட் கோப்புகள்) இயங்குகின்றன என்ற பட்டியல் அது. பர்ஜ் (டேட்டாவிலிருந்து மோட்களை அகற்றும் அடுத்த படி) செய்த பிறகு எடுத்தால் அந்தப் பட்டியல் மாறிப்போயிருக்கலாம். எந்த மோட் எதை மேலெழுத வேண்டும் என்று நீங்கள் வோர்டெக்ஸில் வைத்த விதிகளில் முக்கியமானவற்றையும் ஒரு தாளில் குறித்துவையுங்கள். அவை தானாக வந்து சேராது.

படி 2: பர்ஜ்

வோர்டெக்ஸில் மோட்ஸ் பக்கம், மேலே பர்ஜ் மோட்ஸ் பட்டன். அழுத்தினால் டேட்டாவில் உள்ள ஹார்ட்லிங்க்குகள் நீங்கும். ஸ்டேஜிங் ஃபோல்டரில் உள்ள மோட்கள் அப்படியே இருக்கும். மாறாக, பர்ஜ் செய்யாமல் ஸ்டேஜிங் ஃபோல்டரை அழித்தால் எதுவும் சுத்தமாகாது. ஒரு வாசலை அடைத்தாலும் மற்ற வாசல் திறந்துதானே இருக்கும்!

முடிந்ததும் டேட்டாவைத் திறந்து பாருங்கள். ஸ்கைரிம், அப்டேட், டான்கார்ட், ஹார்த்ஃபயர்ஸ், டிராகன்பார்ன் ஆகிய 5 .இஎஸ்எம் கோப்புகள், ஸ்கைரிம் என்று தொடங்கும் .பிஎஸ்ஏ கோப்புகள், வீடியோ ஃபோல்டர், சிசி என்று தொடங்கும் கிரியேஷன் கிளப் கோப்புகள், புதிய பதிப்புகளில் ரிசோர்ஸ்பேக். இவை கேமுக்குச் சொந்தமானவை. மெஷஸ், டெக்ஸ்ச்சர்ஸ் ஃபோல்டர்களில் இன்னும் ஏதாவது மிஞ்சியிருந்தால் அது நீங்கள் எப்போதோ கையால் போட்டதாகவோ, நெமசிஸ், பாடிஸ்லைடு போன்ற கருவிகள் உருவாக்கியதாகவோ இருக்கும். அவற்றை வெளியே நகர்த்துங்கள். ஸ்டீமின் கோப்புச் சரிபார்ப்பு விடுபட்டதை நிரப்புமே தவிர, கூடுதலாகக் கிடப்பதை அழிக்காது. கேமைப் பழைய பதிப்புக்கு இறக்கி வைத்திருப்பவர்கள் அந்தச் சரிபார்ப்பைத் தொடவே வேண்டாம்; புதிய பதிப்பைக் கொண்டுவந்துவிடும்.

படி 3: ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர்

பர்ஜுக்குப் பிறகு "ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் காணாமல் போய்விட்டது" என்று பலர் திகைப்பார்கள். அதையும் வோர்டெக்ஸ் வழியாகவே நிறுவியிருந்தால் அதுவும் சேர்ந்து போகத்தான் செய்யும். என்ஜின் ஃபிக்ஸஸ் என்ற பிழைதிருத்த மோட்டின் இரண்டாம் பகுதி, இஎன்பி (கிராபிக்ஸ் மேம்பாடு) கோப்புகள் கதையும் இதேதான். மோட் ஆர்கனைசரின் மெய்நிகர் முறை டேட்டாவுக்கு மட்டும்தான். கேமின் முதன்மை ஃபோல்டருக்கு எட்டாது. எனவே இவற்றைக் கையால் அந்த ஃபோல்டரில் வையுங்கள். பதிப்பு பொருந்த வேண்டும்: கேம் 1.6.1170 என்றால் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் 2.2.6; கேம் 1.5.97 என்றால் 2.0.20. அதனுடன் வரும் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரை மட்டும் பின்னால் ஒரு மோட் போல நிறுவிக்கொள்ளலாம்.

படி 4: நிறுவுதல்

மோட் ஆர்கனைசரை ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளும் கேம் ஃபோல்டருக்குள்ளும் வைக்காதீர்கள். முதல் இடத்தில் விண்டோஸின் எழுத்து அனுமதி தடுக்கும். இரண்டாவது இடத்தில் எது கேமுடையது, எது உங்களுடையது என்றே தெரியாமல் போகும். டிரைவின் மேல்மட்டத்தில் புதிய ஃபோல்டர் ஒன்று போதும். முதல்முறை திறக்கும்போது எந்த வகை இன்ஸ்டன்ஸ் (மோட்களும் அமைப்புகளும் இருக்கும் தனித் தொகுதி) என்று கேட்கும். ஒரே ஒரு கேம்தான் என்றால் போர்ட்டபிள் நல்லது; எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கும். பிறகு செட்டிங்ஸில் நெக்ஸஸ் பக்கம் போய்க் கணக்கை இணைத்து, டவுன்லோட் இணைப்புகளை மோட் ஆர்கனைசரே திறக்கும்படி மாற்றுங்கள். இதை விட்டுவிட்டால் நெக்ஸஸ் தளத்தில் அழுத்துவதெல்லாம் பழையபடி வோர்டெக்ஸுக்கே போகும்.

படி 5: மோட்களைக் கொண்டுவருதல்

ஸ்டேஜிங் ஃபோல்டரில் இருப்பதை அப்படியே மோட் ஆர்கனைசரின் மோட்ஸ் ஃபோல்டருக்கு நகலெடுத்து, பட்டியலைப் புதுப்பித்தால் பெரும்பாலும் ஓடும். அமைப்பு ஒன்றுதான். ஆனால் நெக்ஸஸ் எண், பதிப்பு விவரம் வராது; பிறகு அப்டேட் பார்ப்பது சிரமம். எனவே வோர்டெக்ஸின் டவுன்லோட் ஃபோல்டரில் உள்ள .7இசட், .ஜிப் கோப்புகளை மோட் ஆர்கனைசரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்கு நகலெடுத்து, வலது கிளிக்கில் க்வெரி இன்ஃபோ கொடுத்து, ஒவ்வொன்றாக மறுபடி நிறுவுவதே நல்லது. அதிலும், நிறுவும்போது கேள்வி கேட்கும் மோட்களைக் கட்டாயம் இப்படித்தான் நிறுவ வேண்டும். உங்கள் மோட் பட்டியல் மாறியிருந்தால் அன்று சொன்ன பதில்கள் இன்று பொருந்தாது. பத்துப் பத்தாக நிறுவி, இடையிடையே கேமை ஓட்டிப் பாருங்கள்.

படி 6: இரண்டு வரிசைகள்

இடதுபக்கப் பட்டியலில் கீழே இருக்கும் மோட் மேலே இருப்பதை வெல்லும். ஒரே டெக்ஸ்ச்சர் இரண்டு மோட்களில் இருந்தால் கீழே உள்ளதுதான் கேமில் தெரியும். படி 1-இல் குறித்த விதிகளை இப்போது இழுத்து வைப்பதன் மூலம் நிறைவேற்றுங்கள். மின்னல் குறி மோதலைக் காட்டும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பல மோதல்கள் வேண்டுமென்றே வைப்பவைதான். வலதுபக்கம் பிளகின் வரிசை. அங்கே சார்ட் பட்டன் லூட் கருவியை அழைத்து அடுக்கும். பழைய பிளகின்ஸ்.டிஎக்ஸ்டியுடன் ஒப்பிட்டு, டிக் விடுபட்டவை உண்டா என்று பாருங்கள். சேவில் இருந்த பிளகின் ஒன்று குறைந்தாலும் கேம் எச்சரிக்கை காட்டும். அப்போது 'ஆம்' கொடுத்து உள்ளே போகாதீர்கள்; வெளியே வந்து விடுபட்டதை முதலில் சேருங்கள்.

படி 7: ஓட்டுதல்

மேலே வலதுபக்கக் கீழ்விரி பட்டியலில் எஸ்கேஎஸ்இ தேர்ந்தெடுத்து ரன் கொடுங்கள். ஸ்டீமிலிருந்தோ டெஸ்க்டாப்பிலிருந்தோ திறந்தால் ஒரு மோட் கூட இருக்காது. கேமுக்குள் கன்சோலைத் திறந்து கெட்எஸ்கேஎஸ்இவெர்ஷன் என்று ஆங்கிலத்தில் அடித்தால் பதிப்பு எண் வர வேண்டும். சேவ்களே காணவில்லை என்றால் ப்ரொஃபைல்ஸ் சாளரத்தில் ப்ரொஃபைலுக்குத் தனி சேவ் என்பதில் டிக் விழுந்திருக்கும், எடுத்துவிடுங்கள்.

நெமசிஸ், பாடிஸ்லைடு, டைன்டோலாட் போன்ற கருவிகள் எல்லாவற்றையும் இனி மோட் ஆர்கனைசருக்குள்ளிருந்தே ஓட்ட வேண்டும். வெளியே ஓட்டினால் அவற்றின் கண்ணுக்கு வெறும் டேட்டாதான் தெரியும். அவை புதிதாக உருவாக்கும் கோப்புகள் பட்டியலின் அடியில் உள்ள ஓவர்ரைட்டில் விழும். வலது கிளிக் செய்து கிரியேட் மோட் கொடுத்து, கருவியின் பெயரையே வையுங்கள். ஓவர்ரைட்டைக் குப்பைத்தொட்டியாக நிரப்பினால், எது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

வோர்டெக்ஸை நீக்க அவசரம் வேண்டாம். பழைய சேவில் சில மணி நேரம் ஆடி, ஊர்களுக்குள்ளும் குகைகளுக்குள்ளும் போய்வந்து, எல்லாம் சரியாக இருந்தால் ஸ்டேஜிங் ஃபோல்டரை அழித்து இடத்தை மீட்டுக்கொள்ளுங்கள். அதுவரை வோர்டெக்ஸைத் திறந்தாலும் டிப்ளாய் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.