சிறு குழு எழுத்து வகுப்பு: மாணவர்களோடு எப்படி நெருங்குவது?

மூன்று நான்கு மாணவர்கள், ஆளுக்கொரு கட்டுரை. எழுதியதைக் காட்டவே கூச்சம். அதுவும் மற்றவர்கள் முன்னால் என்றால் கேட்கவே வேண்டாம். அந்தக் கூச்சம் விலகாமல் நீங்கள் சொல்லும் திருத்தம் எதுவும் உள்ளே இறங்காது.

1. எல்லோரும் வட்டமாக உட்காருங்கள், நீங்களும் சேர்ந்து. பெயர்களை முதல் நாளே கேட்டு மனதில் வையுங்கள்.

2. முதலில் உங்கள் எழுத்தைக் காட்டுங்கள். அடித்தல் திருத்தலோடு இருக்கும் ஒரு பக்கம் போதும். "இந்தப் பத்தி எனக்கு இன்னும் சரியா வரலை, எங்கே இடிக்குது?" என்று கேளுங்கள். உண்மையாகவே வராத பத்தியாக இருக்கட்டும். நடிப்பைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

3. பேனாவைக் கீழே வையுங்கள். என்னைக் கேட்டால், இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். எழுதியவரே வாசிக்கட்டும், தயங்கினால் ஒரு பத்தி மட்டும். ஒரு மாணவி பாட்டியின் தையல் இயந்திரத்தைப் பற்றி எழுதியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரியிலேயே ஒற்றுப்பிழை கண்ணில் படும். இப்போதைக்கு விட்டுவிடுங்கள். "எந்த வரி மனசுல நின்னுச்சு?" என்று மற்றவர்களைக் கேளுங்கள். அப்புறம், "எந்த இடத்தில் இன்னும் தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சு?" வெறும் "நல்லா இருக்கு" எழுதியவருக்கு எதையும் தராது. "சத்தம் நின்னதும் முழிப்பு வந்துடும்னு எழுதினியே, அது பிடிச்சது" என்று ஒரு பிள்ளை சொன்னால், அவள் முகத்தைப் பாருங்கள். பிழையைப் பற்றி அதன்பின் பேசலாம். அவளே கேட்கவும் கேட்பாள். திருத்துவதும் அவள் கையாலேயே நடக்கட்டும்.

4. கேள்வி கேட்டபின் காத்திருங்கள். கேள்விக்குப் பிறகு ஆசிரியர்கள் சுமார் ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று 1970களில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் கண்டார். அதை 3 விநாடியாக்கியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். எழுத்தைப் பற்றிய கேள்விக்கு அதைவிடவும் பொறுக்கலாம்.

5. ஒருவரே பேசிக்கொண்டிருந்தால், எல்லோரையும் இரண்டு நிமிடம் தாளில் எழுதச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். அமைதியான பிள்ளைக்கும் சொல்ல ஏதாவது கையில் இருக்கும்.

6. வகுப்பு முடிந்ததும் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வரி குறித்து வையுங்கள். அடுத்த முறை அங்கிருந்தே தொடங்குங்கள்: "அந்தத் தையல் இயந்திரம் இப்போ யார்கிட்ட இருக்கு?"