ஆர்டருக்குப் பின் அச்சிடும் டி-ஷர்ட் தொழில்: கைக்காசு கரையும் இடங்கள்

ஆர்டர் வந்த பிறகே அச்சிட்டு அனுப்பும் டி-ஷர்ட் தொழிலில் சரக்குத் தேங்காது என்பார்கள். அது பாதிதான் உண்மை. ஒருவரின் பெயரும் படமும் போட்ட சட்டை திரும்பி வந்தால் வேறு யார் வாங்குவார்கள்? துணி, அச்சுக்கூலி, போக வரக் கூரியர் என அத்தனையும் நட்டம். திருப்பூரில் வெற்றுச் சட்டைகளை வாங்கித் தொழில் தொடங்கும் பலர், இந்தக் கணக்கைப் பார்க்காமலே விலை வைத்துவிடுகிறார்கள்.

ஆகவே பெயர் போட்ட சட்டைக்குக் கேஷ் ஆன் டெலிவரி கொடுக்கவே கூடாது. முழுத் தொகையையும் முன்னதாக வாங்குங்கள். ஆர்டர் சற்றுக் குறையும்; குறையட்டும்.

தமிழ்ப் பெயர்களில் இன்னும் கவனம் தேவை. வாடிக்கையாளர் ‘கோமதி’ என்று சரியாகத்தான் அனுப்பியிருப்பார். தமிழைக் கையாளத் தெரியாத டிசைன் மென்பொருளில் இரட்டைக் கொம்பு ‘க’வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். அச்சிடுபவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாவிட்டால் அது அப்படியே சட்டையில் ஏறிவிடும். எழுத்துகளைப் படமாக மாற்றிய பிறகு, அச்சுக்குப் போகும் அதே கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி ஒப்புதல் பெறுங்கள். சட்டை அளவையும் அப்போதே மார்புச் சுற்றளவாகக் கேட்டுவிடலாம்.

தொடக்கத்திலேயே கடன் வாங்கி, துணியின் மீது நேரடியாக மை தெளித்து அச்சிடும் டிடிஜி இயந்திரம் வாங்குவது பெரிய தவறு. அதன் வெள்ளை மை அடியில் படியும் தன்மை கொண்டது. இயந்திரம் சும்மா கிடந்தால் மை தெளிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளும். தினமும் நாலைந்து ஆர்டர் வரும் நிலையில், கூலிக்கு அச்சிட்டுத் தருபவரிடம் கொடுப்பதே நல்லது. படலத்தில் அச்சிட்டுப் பசைத்தூள் தூவி, சூட்டில் சட்டையில் ஒட்டும் டிடிஎஃப் முறையில் அந்தத் தூள் சரியாக உருகாவிட்டால் ஓரங்கள் உரியும். விற்பனைக்கு முன் சில சட்டைகளை வீட்டிலேயே பலமுறை துவைத்துப் பாருங்கள்.

பார்சலில் பறிபோகும் பணம் பலர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. பல கூரியர் நிறுவனங்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருவதையும் கிலோ எடையாகக் கொண்டு, உண்மை எடையைவிட அது அதிகமானால் அதற்கே கட்டணம் வாங்குகின்றன. சுமார் 200 கிராம் சட்டையை 30×25×10 பெட்டியில் வைத்தால் 1.5 கிலோ கணக்கில் கட்டணம் விழும். அதையே மடித்து 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள உறையில் போட்டால் 300 கிராம்தான். அழகான பெட்டி வேண்டுமென்றால் அதன் செலவு விலையில் ஏற வேண்டும்.

நடிகர்களின் முகத்தைப் போட்டு விற்கும் ஆசையை விட்டுவிடுங்கள். தன் பெயரையும் உருவத்தையும் அனுமதியின்றிப் பயன்படுத்துவதை எதிர்த்து ரஜினிகாந்த் தொடர்ந்த வழக்கில், 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாக உத்தரவிட்டது. அது ஒரு திரைப்படம் தொடர்பான வழக்கு என்றாலும், அந்த உரிமை சட்டைக்குப் பொருந்தாது என்று நம்பி இறங்குவது ஆபத்து.

தொழில் வளரும்போது பண்டிகைக் காலம்தான் சோதனை. கறுப்பு நிற எக்ஸ்எல் சட்டை தீர்ந்துபோகும், கூரியரும் தாமதமாகும். தீபாவளிக்கான கடைசி ஆர்டர் தேதியை முன்கூட்டியே அறிவியுங்கள். அது தாண்டி வருபவரிடம், பண்டிகைக்கு முன் கிடைக்காது என்று பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.